கண்ணாடியில் நெற்றித் தடம்

தங்கச்சி: அப்போ விமானத்துல அஞ்சாவது, ஆறாவது வரிசை சீட்டு வேணாம்?

அக்கா: வேணாம். இறக்கையில சுத்துற விசிறிக்கு நேரா வரும். காது அடைச்சுப் போயிடும்.

தங்கச்சி: இரு, எழுதிக்கிறேன். அஞ்சு, ஆறு... அடிச்சாச்சு. மூணு?

அக்கா: மூணுல ஜன்னல் மூடி பாதிக்கு மேல ஏறாது.

தங்கச்சி: ரெண்டு பக்கமுமா?

அக்கா: எஃப் பக்கம் ஏறாது. ஏ பக்கம் ஏறும், ஆனா தானா இறங்கிக்கும். ஒரு கையால பிடிச்சுக்கிட்டே உக்காரணும்.

தங்கச்சி: நான் ரெண்டு நாளா தேடித் தேடிப் படிச்சேன். இதை யாருமே எழுதலையேக்கா.

அக்கா: எழுதினவங்க எல்லாம் என்னத்தைக் கண்டாங்க... அடுத்தது சொல்லு. எனக்கு இன்னும் பாத்திரம் பாக்கி இருக்கு.

தங்கச்சி: பதினொன்னு?

அக்கா: அது ஏமாத்து. படத்துல ஜன்னல் சீட்டுன்னு போட்டிருப்பான். உக்காந்தா பக்கத்துல சுவருதான். ஜன்னல் பின்னாடி தள்ளி இருக்கும். கழுத்து சுளுக்கிக்கும்.

தங்கச்சி: பன்னெண்டுக்காரர் ஜன்னலை எட்டிப் பாக்கலாம்ல?

அக்கா: பாக்கலாம். அவர் பொண்டாட்டி சும்மா இருந்தா.

தங்கச்சி: ஏ, சி... நடுவுல நடக்கிற இடம்... டி, எஃப். ஏன்க்கா, பி எங்க போச்சு?

அக்கா: பி இல்ல.

தங்கச்சி: அதான் ஏன்?

அக்கா: இல்லைன்னா இல்ல. அதுக்கெல்லாம் எனக்குப் பதில் தெரியாது. நீ வரிசையைப் படி. ஸ்க்ரீன்ல மேல ஏதோ நேரம் ஓடுதுன்னியே?

தங்கச்சி: பதினெட்டு நிமிஷம் இருக்கு. அதுக்குள்ள எடுக்கலைன்னா அதுவே ஏதாவது ஒரு சீட்டைக் கொடுத்துடுமாம்.

அக்கா: கொடுத்தா கொடுக்கட்டும். எங்க உக்காந்தாலும் ஒரே நேரத்துலதான் போய்ச் சேரும்.

தங்கச்சி: இப்பதானே பதினொன்னு ஏமாத்துன்னே!

அக்கா: ஏமாத்து ஏமாத்துதான்... குட்டி, சாயங்கால விமானத்துக்கு மாத்த முடியாதா?

தங்கச்சி: இதோட நாலு தடவை கேட்டாச்சு.

அக்கா: காலையில அவசர அவசரமா ஓடணும்.

தங்கச்சி: பத்து மணிக்கு விமானம். அதுல என்ன அவசரம்?

அக்கா: பஸ்ஸுலகூடப் போகலாம். வழியெல்லாம் பாத்துக்கிட்டே போகலாம்ல?

தங்கச்சி: பதினாறு மணி நேரம்க்கா! போய் இறங்கின மறுநாள் வேலையில சேரணும். நான் ஆய்வுக்கூடத்துல தண்ணியைச் சோதிக்கப் போறேனா, இல்ல தூங்கி விழப் போறேனா?

அக்கா: சும்மா சொன்னேன்.

தங்கச்சி: ஏன், காலை விமானத்துல நான் வந்தா உனக்கு என்ன? அதுலதானே உனக்கு டூட்டி? நீயே வந்து பெல்ட் போடுங்க மேடம்னு சொல்லுவே. நானும் யாரோ மாதிரி ரெண்டு தடவை தண்ணி கேப்பேன்.

அக்கா: திங்கக்கிழமை எனக்கு... வேற டூட்டி போட்டாலும் போடுவாங்க.

தங்கச்சி: அந்த விமானத்துல இருக்க மாட்டியா?

அக்கா: இருப்பேன். இருக்க மாட்டேன். எப்படிப் போடுவாங்கன்னு முன்கூட்டித் தெரியாது.

தங்கச்சி: பதினோரு வருஷமா அதே காலை விமானம்தானே? ஒன்பது மணிக்கு வரும், பத்து மணிக்குத் திரும்பிப் போகும். நீதான் சொல்லுவே, அந்தக் காலை விமானம்தான் இந்த ஊரு ஏர்போர்ட்டுக்கே உயிருன்னு.

அக்கா: சொல்லுவேன். அதுக்கென்ன இப்போ?

தங்கச்சி: ஒன்னும் இல்ல. கேட்டேன்.

அக்கா: கேக்காதே, எழுது... ஆமா, என் அடையாள அட்டையைப் பாத்தியா? பீரோவுல வெச்சிருந்தேன். காணோம்.

தங்கச்சி: இருக்கும், தேடு.

அக்கா: தேடிட்டேன்.

தங்கச்சி: அப்புறமா நான் தேடித் தர்றேன். பதினாலு சொல்லு.

அக்கா: பதினாலு எஃப் பரவாயில்ல. பதினாலு டி-யில உக்காராதே. அடியில எவனோ பபிள்கம் ஒட்டி வெச்சிருக்கான். கல்லு மாதிரி ஆயிடுச்சு.

தங்கச்சி: சீட்டுக்கு அடியிலயா? குனிஞ்சு பாத்தியா?

அக்கா: ...கை பட்டுச்சு.

தங்கச்சி: பெல்ட் போடுங்கன்னு சொல்றப்போ கை சீட்டுக்கு அடியில போச்சா?

அக்கா: ஏதோ விழுந்துச்சு, எடுத்தேன். நீ என்ன போலீசா?

தங்கச்சி: சரி சரி. பதினாலு டி, பபிள்கம். எழுதிட்டேன்.

அக்கா: அதையெல்லாமா எழுதுவாங்க!

தங்கச்சி: எழுதாட்டி மறந்துடும். மறந்தா, நீ சொன்னது சரியா நான் கேட்டது சரியான்னு சந்தேகம் வரும். இப்போ முக்கியமான கேள்வி. எந்தப் பக்கம்?

அக்கா: வலதுபக்கம். எஃப்.

தங்கச்சி: யோசிக்கவே இல்ல?

அக்கா: யோசிக்க என்ன இருக்கு? ஏழு எஃப். கண்ணை மூடிக்கிட்டுப் போடு.

தங்கச்சி: எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றே?

அக்கா: தடம் இருக்குமே.

தங்கச்சி: என்ன தடம்?

அக்கா: நெத்தித் தடம். வெளிய பாக்க ஏதாவது இருந்தா ஜனங்க நெத்தியைக் கண்ணாடியில ஒட்டிக்குவாங்க. எண்ணெய் வட்டமாப் பதியும். அதுக்குக் கீழ மூக்கு. மூக்குக்குக் கீழ மூச்சுக் காத்து பட்ட புகை. குழந்தைங்கன்னா ரெண்டு உள்ளங்கையும் சேர்த்து.

தங்கச்சி: ம்...

அக்கா: விமானம் வந்து நின்னு எல்லாரும் இறங்கினதும் பாத்தா, இடதுபக்கம் மூடி எல்லாம் கீழ இறங்கியிருக்கும். கண்ணாடி பளிச்சுன்னு இருக்கும். வலதுபக்கம் பாரு, ஏழுல இருந்து பத்து வரைக்கும் வரிசையா நெத்தி. ஏழுலதான் அதிகம். ஒரு தடவை ஏழு எஃப்ல ஒரே கண்ணாடியில மூணு பேர் நெத்தி இருந்துச்சு.

தங்கச்சி: ஒரு சீட்டுல மூணு பேரா?

அக்கா: பக்கத்துல இருந்தவங்க எல்லாம் எட்டி எட்டிப் பாத்திருக்காங்க. ஒன்னு பெருசு, ஒன்னு சின்னது, ஒன்னு பொட்டோட.

தங்கச்சி: பொட்டுமா?

அக்கா: ஒட்டுற பொட்டு. கண்ணாடியிலேயே ஒட்டிக்கிச்சு. நகத்தால சுரண்டி...

தங்கச்சி: யாரு சுரண்டினா?

அக்கா: ...யாராவது சுரண்டியிருப்பாங்க. நான் பாத்தேன்னு சொன்னேன்.

தங்கச்சி: சரி. அப்படி என்னத்தைப் பாக்கிறாங்க எல்லாரும்?

அக்கா: மலை.

தங்கச்சி: எப்படி இருக்கும்?

அக்கா: மலை மாதிரி இருக்கும்.

தங்கச்சி: மலைக்கு அப்புறம்?

அக்கா: மேகம்.

தங்கச்சி: மேகத்துக்கு அப்புறம்?

அக்கா: அப்புறம்... இன்னும் கொஞ்சம் மேகம்.

தங்கச்சி: அக்கா, நீ பள்ளிக்கூடத்துக்கு வந்தப்பவும் இதேதான் சொன்னே.

அக்கா: அதை இன்னும் ஞாபகம் வெச்சிருக்கியா?

தங்கச்சி: மறக்குமா? எங்க அக்கா விமானத்துல பறக்குதுன்னு நான்தானே வகுப்புல சொல்லி வெச்சேன். டீச்சர் உன்னைக் கூப்பிட்டு அனுப்பிட்டாங்க.

அக்கா: நீ பாட்டுக்குச் சொல்லிட்டே. வீட்டுக்கு வந்து எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? நான் விமானத்துல வேலைன்னுதான் சொன்னேன்.

தங்கச்சி: விமானத்துல வேலைன்னா பத்து வயசுப் பொண்ணு என்ன நினைக்கும்?

அக்கா: நாப்பது புள்ளைங்க. எல்லாம் கண்ணைச் சிமிட்டாம என்னையே பாக்குதுங்க. நான் என்ன செய்வேன்?

தங்கச்சி: மலை ஒட்டகம் மாதிரி இருக்கும்னு சொன்னே. மேகம் பஞ்சு மாதிரின்னு சொன்னே. ரெண்டு நிமிஷத்துல எல்லாம் முடிஞ்சு போச்சு. அப்புறம் கடைசி பெஞ்சுல ஒருத்தன் எந்திரிச்சான்.

அக்கா: ஐயோ, அதை விடு...

தங்கச்சி: விமானத்துல டாய்லெட் போனா அது எங்க போகும்னு கேட்டான். அதுக்கு மட்டும் கால் மணி நேரம் பதில் சொன்னே! எந்தக் குழாய், எந்தத் தொட்டி, எந்த வண்டி வந்து உறிஞ்சும், அடைச்சா எப்படி எடுக்கணும்... போர்டுல படம்கூடப் போட்டே.

அக்கா: சிரிக்காதே.

தங்கச்சி: டீச்சர் மூக்கைப் பொத்திக்கிட்டாங்க! புள்ளைங்கதான் கை தட்டுச்சு. அந்த வருஷம் முழுக்க நான்தான் வகுப்புல பெரிய ஆளு.

அக்கா: அது போதும் எனக்கு... மணி என்ன ஆச்சு?

தங்கச்சி: பதினோரு நிமிஷம் இருக்கு. ஏழு எஃப் காலியாத்தான் இருக்கு.

அக்கா: அதைப் போடு, எந்திரி.

தங்கச்சி: ஒரு தடவை வரைபடத்துல சரிபாத்துடுறேன்.

அக்கா: நான் சொல்றது பத்தாதா?

தங்கச்சி: உன் மேல சந்தேகம் இல்லக்கா, என் மேலதான். இதோ நம்ம ஊரு. இதோ நான் போற ஊரு, நேர் வடக்கே. மலை இருக்கிறது... மேற்கே.

அக்கா: ஆமா.

தங்கச்சி: அங்கிருந்து விமானம் இங்க வர்றப்போ தெற்கே பாத்து வரும். அப்போ மேற்கு வலதுபக்கம். மலை எஃப் பக்கம்.

அக்கா: அதைத்தானே சொன்னேன்!

தங்கச்சி: நான் இங்கிருந்து போறேன்க்கா.

அக்கா: அதனால?

தங்கச்சி: விமானம் திரும்பிடும்ல. வடக்கே பாத்துப் போறப்போ மலை இடதுபக்கம் வரும். எஃப்ல உக்காந்தா வெயில்தான் மூஞ்சியில அடிக்கும். நீ சொன்னது வந்த விமானத்தோட தடம்.

அக்கா: அது... சில நாள் சுத்திப் போவாங்க. காத்து எப்படி அடிக்குதுன்னு பாத்து...

தங்கச்சி: சரி.

அக்கா: எப்பவும் ஒரே பாதையில போக மாட்டாங்க.

தங்கச்சி: சரிக்கா. நான் ஒன்னும் சொல்லலையே.

அக்கா: பின்ன ஏன் அப்படிப் பாக்கிறே?

தங்கச்சி: இல்ல, யோசிச்சுப் பாத்தேன். பதினோரு வருஷமா நீ எத்தனையோ கதை சொல்லியிருக்கே. எல்லாமே விமானம் வந்த கதை. போன கதை ஒன்னுகூடச் சொன்னதில்ல.

அக்கா: போறதுல என்ன கதை இருக்கு? போறது போறதுதான்... போன் அடிக்குது பாரு. யாருன்னு பாரு. எனக்குக் கையெல்லாம் சோப்பு.

தங்கச்சி: உங்க சூப்பர்வைசர். ஸ்பீக்கர்ல போடுறேன்.

அக்கா: வேணாம், போடாதே! இரு, கையைக் கழுவிட்டு நானே—

சூப்பர்வைசர்: ஏம்மா, உன் நீலத் தண்ணி பாட்டிலை எங்க வெச்சிருக்கே?

அக்கா: சார், நான் அப்புறமாக் கூப்பிடுறேன்—

சூப்பர்வைசர்: அப்புறம் வேணாம், இப்பவே சொல்லு. திங்கக்கிழமை உன் இடத்துல வர்ற பொண்ணு கண்ணாடி தொடைக்கிற வேலைக்குப் புதுசு. எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டு வீட்டுக்குப் போகணும் நான்.

அக்கா: என் இடத்துலயா? யாரு சார் வர்றா? நான் என்ன தப்பு பண்ணேன்?

சூப்பர்வைசர்: தப்பா? நீதானே மூணு நாள் லீவு கேட்டு எழுதிக் கொடுத்தே?

அக்கா: நானா?

சூப்பர்வைசர்: வாட்ச்மேன் கையில கொடுத்தனுப்பினியே. கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்துச்சு. நீ அவசரத்துல போட்டிருப்பேன்னு விட்டுட்டேன். இத்தனை வருஷத்துல முதல் தடவையா லீவு கேக்கிறே, அதான் ஏன்னு கேக்காமக் கொடுத்தேன். தூசி உறிஞ்சுற வாக்குவம் மெஷினையும் அந்தப் பொண்ணே தூக்கிக்குவா. பாட்டில் எங்கம்மா?

அக்கா: ...பின் கதவுக்குப் பக்கத்து அலமாரி. கீழ் தட்டு. மஞ்சத் துணிக்குப் பின்னாடி.

சூப்பர்வைசர்: சரி, வெச்சிடுறேன்.

அக்கா: சார்... மஞ்சத் துணி கண்ணாடிக்கு இல்லன்னு அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க. நூல் ஒட்டிக்கும். வெள்ளைத் துணி.

சூப்பர்வைசர்: வெள்ளை. சரிம்மா.

தங்கச்சி: ...வெச்சிட்டாரு.

அக்கா: ம்.

தங்கச்சி: குழாயை மூடு. தண்ணி வீணாப் போகுது.

அக்கா: அது வந்து குட்டி... விமானத்துல வேலைன்னா எல்லாத்தையும்தான் பாக்கணும். சில நாள் ஆள் இல்லைன்னா கண்ணாடி டூட்டியும் நம்ம தலையில...

தங்கச்சி: சரிக்கா.

அக்கா: எல்லாரும் மாத்தி மாத்திச் செய்வோம்.

தங்கச்சி: ஒரு நாள் நீ கேட் பாஸை வீட்டுலயே வெச்சுட்டுப் போயிட்டே. ஞாபகம் இருக்கா? நான் அப்போ பத்தாவது.

அக்கா: வீட்டுல வைக்கல. வழியில விழுந்துடுச்சு. வாட்ச்மேன்தான் ரோட்டுல கிடந்துச்சுன்னு எடுத்துக் கொடுத்தாரு.

தங்கச்சி: மேஜை மேல இருந்துச்சு. நான்தான் கொண்டு வந்தேன்.

அக்கா: நீ ஏர்போர்ட்டுக்கு வந்தியா?

தங்கச்சி: கம்பிவேலிக்கு வெளிய நின்னேன். விமானம் அப்பதான் வந்து நின்னுச்சு. எல்லாரும் இறங்கிப் போயிட்டாங்க. அப்புறம் வாக்குவம் மெஷினை முதுகுல மாட்டிக்கிட்டு ரெண்டு பேர் படியேறினாங்க. அதுல ஒருத்தி நீ. ரோட்டுல கிடந்துச்சுன்னு சொல்லச் சொல்லி வாட்ச்மேன்கிட்டக் கெஞ்சினேன். நல்ல மனுஷன். லீவுக் கடுதாசியையும் அவர்கிட்டதான் கொடுத்தேன்.

அக்கா: ஆறு வருஷமா... வாயைத் திறக்கலையே நீ?

தங்கச்சி: நீ மட்டும் திறந்தியா?

அக்கா: அப்புறமும் தினம் தினம் என்னைக் கதை சொல்ல வெச்சியே!

தங்கச்சி: நல்லா இருந்துச்சு. அந்த மூணு நெத்தி மாதிரி.

அக்கா: ...நான் பறக்கிறேன்னு எப்பவாவது என் வாயால சொல்லியிருக்கேனா?

தங்கச்சி: இல்ல. ஒரு தடவைகூட இல்ல. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன்.

அக்கா: அதானே... சரி, லீவு எதுக்கு எழுதிக் கொடுத்தே? நீ ஏறுறப்போ நான் அங்க நிக்கக் கூடாதுன்னா? நீ பெரிய வேலைக்குப் போறவ, கூடப் படிச்சவ எவளாவது பாத்துட்டு இது யாருன்னு கேட்டா அசிங்கம்னா?

தங்கச்சி: இங்க வந்து இந்தப் படத்தைப் பாரு.

அக்கா: எனக்கு எதுக்கு? கண்ணு சரியாத் தெரியல.

தங்கச்சி: வாயேன். நாலு நிமிஷம்தான் இருக்கு. மேல என்ன எழுதியிருக்குன்னு படி.

அக்கா: உன் பேரு.

தங்கச்சி: அதுக்குக் கீழ?

அக்கா: ...இது எப்படி இங்க வந்துச்சு?

தங்கச்சி: டிக்கெட் எடுக்கிறப்போ ரெண்டு பேர் விவரம் கேட்டுச்சு. அதான் உன் அடையாள அட்டையை எடுத்தேன். பத்திரமா எங்கிட்டதான் இருக்கு.

அக்கா: திருட்டுக் கழுதை... எனக்கு எதுக்குடி டிக்கெட்? நான்தான் தினம் ஏறுறேனே அதுல.

தங்கச்சி: தினம் ஏறுறே. அது நகர்றதுக்குள்ள இறங்கிடுறே. இந்த ஒரு தடவை இறங்காதே. மூணு நாள்தான். என்னை ஹாஸ்டல்ல விட்டுட்டு, ஊரைப் பாத்துட்டு, காலை விமானத்துல திரும்பி வந்துடு. திரும்புறப்போ நீ சொன்ன எஃப் பக்கமே உக்காரு.

அக்கா: கூட வேலை பாக்கிற பொண்ணுங்க எல்லாம் பாப்பாங்க. என்னடா இவ, மேக்கப் போட்டுக்கிட்டு நம்ம விமானத்துலேயே உக்காந்திருக்கான்னு...

தங்கச்சி: பாக்கட்டும். நீயும் கண்ணாடியில நெத்தியை ஒட்டி வெச்சுட்டு வா. யாராவது தொடைச்சுக்குவாங்க.

அக்கா: அவ புதுசு. ஒழுங்காத் தொடைக்க மாட்டா.

தங்கச்சி: அக்கா, ஒரு நிமிஷம் ஐம்பது செகண்டு. உனக்கு ஜன்னல், ஏழு ஏ. பக்கத்துல நான், ஏழு சி. அழுத்தட்டுமா?

அக்கா: அழுத்தாதே.

தங்கச்சி: வர மாட்டியா?

அக்கா: எட்டுக்கு மாத்து.

தங்கச்சி: ஏன், ஏழுல என்ன?

அக்கா: இடதுபக்கம் ஏழுல கண்ணாடிக்கு நடுவுல நீளமா ஒரு கீறல் இருக்கு. எத்தனை வருஷமாத் தொடைக்கிறேன், போகவே மாட்டேங்குது.